ஒரு ஏ4 தாளை வாசித்தல்: கும்மிடிப்பூண்டி கன்டெய்னரும் மெத்தில் புரோமைடும்

நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுத இணையத்தில் ஆள் இருக்கிறது. இந்தப் பதிவில் நான் விமர்சிக்கப் போவது ஒரு படிவத்தை. ஏ4 அளவு, ஒரே பக்கம். மேலே மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகம் கொடுத்த பதிவு எண், கீழே ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். மெத்தில் புரோமைடு ஃபியூமிகேஷன் சான்றிதழ் என்று பெயர். நம் ஊரிலிருந்து கப்பல் ஏறும் சரக்கில் மரப்பெட்டியோ மரப் பேலட்டோ இருந்தால், பல சமயம் இந்தத் தாளும் கூடவே போகும்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கன்டெய்னர் புதிய பொருள் இல்லை. ஜி.என்.டி. ரோட்டில் தச்சூர் கூட்டுச் சாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து இரும்பு, வார்ப்படம், இயந்திர பாகம், ரசாயனம் என்று ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வந்தபடியே இருக்கும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நாம் பார்ப்பது பெட்டியின் வெளிப்பக்கத்தை மட்டும். அதில் சில பெட்டிகளுக்குள் சரக்கோடு ஒரு வாயுவும் ஒரு நாள் குடியிருந்துவிட்டுப் போயிருக்கும். தொழிலில் இருப்பவர்கள் 'கேஸ் போடுறது', 'மருந்து போடுறது' என்பார்கள்.

ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கம்பெனிப் பெயர், எண்கள் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு இந்தச் சான்றிதழின் சில நகல்களைக் கொடுத்தார். நான் பூச்சியியல் படித்தவனில்லை, பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் படிவங்களோடு எனக்கு நல்ல பழக்கம். எந்தக் கட்டத்தை எண்ணாகக் கேட்டார்கள், எதை 'ஆம் / இல்லை' என்று விட்டார்கள், எதைக் கேட்கவே இல்லை என்று பார்த்தாலே, வடிவமைத்தவர் எதற்குக் கவலைப்பட்டார் என்பது தெரிந்துவிடும். என் புகாரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள் வாயு உள்ளே போவதை எண்களாக எழுதுகிறது. வெளியே வருவதை ஒரே ஒரு 'ஆம்' போட்டு முடித்துக்கொள்கிறது. கதவைத் திறக்கிற ஆளைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

முதலில் இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று பார்க்கலாம். விதியையே கேலி செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

1996ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் தெரிந்தன. ஆசிய நீள்கொம்பு வண்டின் வேலை. 1998ல் சிகாகோவிலும் அதே வண்டு. சீனாவிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளுக்குள் புழுவாகப் பயணம் செய்து வந்திருந்தது. மரத்தைக் காப்பாற்ற வழியில்லாமல் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளினார்கள். அடுத்து 2002ல் டெட்ராய்ட் பக்கம் மரகத நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்தது. சரக்கைப் பற்றி எல்லாருக்கும் கவலை இருந்தது, சரக்கைத் தாங்குகிற கட்டையைப் பற்றி யாருக்கும் இல்லை. மலிவான கட்டை, பட்டைகூட சரியாக உரிக்காத கட்டை, அதில்தான் பூச்சி.

இதன் விளைவாக 2002ல் சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற தரவிதி வந்தது. நாடு விட்டு நாடு போகும் மரப் பேக்கிங் எதுவானாலும் அதைச் சூடுபடுத்தியிருக்க வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு கொடுத்திருக்க வேண்டும். சூடு என்றால் கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரியில் விடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். (பின்னாளில் மின்காந்த அலைச் சூடும் சல்பியூரைல் ஃபுளோரைடு வாயுவும் பட்டியலில் சேர்ந்தன.) செய்து முடித்தால் கட்டையில் ஒரு முத்திரை: கோதுமைக் கதிர் படம், நாட்டின் குறி, தயாரிப்பாளர் எண், எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகள். எச்.டி. என்றால் சூடு, எம்.பி. என்றால் வாயு. நம் நாட்டு எம்.பி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விதி வேலை செய்ததா? செய்தது, ஆனால் பாதி. 2014ல் ஹாக் என்பவரும் குழுவினரும் அமெரிக்கத் துறைமுகப் பரிசோதனைக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விதி வந்த பிறகு பூச்சி இருக்கும் விகிதம் 36 முதல் 52 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். பாதி குறைந்தது என்று மகிழ்வதா, முத்திரை குத்திய கட்டையிலும் புழு இருக்கிறது என்று வருந்துவதா என்பது அவரவர் மனநிலை. நான் மகிழ்கிற கட்சி. வெளியூர்ப் பூச்சி என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008ல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை அழ வைத்தது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஆக, எல்லையில் பூச்சியைத் தடுப்பது அவசியமான வேலை. அந்த வேலைக்கு நாம் எழுதி வைத்திருக்கும் சாட்சியம் எப்படி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

சரி, தாளுக்கு வருவோம்.

முதல் கட்டங்கள் எளிமையானவை. வாயுவின் பெயர், போட்ட தேதி, இடம். பிறகு அளவு: ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிராம். நான் பார்த்த நகல்களில் எல்லாம் 48. வெப்பநிலை 21 டிகிரிக்கு மேல் இருந்தால் மரத்துக்கு 48 கிராம், 24 மணி நேரம் என்பது வாய்ப்பாடு. கும்மிடிப்பூண்டியில் மார்கழி விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படலாம், மற்ற நேரமெல்லாம் 21க்கு மேல்தான். அடுத்து எத்தனை மணி நேரம் மூடி வைத்தீர்கள், காற்றின் குறைந்தபட்ச வெப்பநிலை, சராசரி ஈரப்பதம். ஈரப்பதம் வரை எண்ணில் கேட்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெட்டியைப் பற்றி. அழுத்தச் சோதனை செய்தீர்களா? பெட்டிக்குள் காற்றை ஏற்றி, அழுத்தம் 200 பாஸ்கலிலிருந்து 100க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். குறைந்தது 10 விநாடி தாங்க வேண்டும். வயதான கன்டெய்னர்கள் இதில் பெரும்பாலும் தேறாது. கதவு ரப்பர் தேய்ந்திருக்கும். தேறாவிட்டால் மேலே தார்ப்பாய் மாதிரி வாயு கசியாத ஷீட் போட்டு மூட வேண்டும். சரக்குக்கு மேலே 200 மில்லிமீட்டர் காலி இடம் இருக்கிறதா? மரத்தின் கனம் ஒரு பக்கமாவது 200 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? பிளாஸ்டிக் சுற்றியிருந்தால் கிழித்தோ துளையிட்டோ விட்டீர்களா? வார்னிஷ் அடிப்பதற்கு முன்பா, பின்பா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. வாயு புழுவைத் தொட வேண்டும், நடுவில் எதுவும் தடுக்கக் கூடாது. இந்தப் பகுதியை எழுதியவருக்கு மரம் தெரியும், வாயு தெரியும், குறுக்கு வழியில் போகிற மனிதர்களையும் தெரியும். இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட அரசுத் தாளை நான் அதிகம் பார்த்ததில்லை. பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது அந்த ஒரு வரி. பெட்டி காற்றோட்டமிடப்பட்டு, மெத்தில் புரோமைடு 5 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவரப்பட்டதா: ஆம் / இல்லை.

இந்த 'ஆம்'க்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐ.எஸ்.பி.எம். 15 சொல்வது: 24 மணி நேரம் முடிந்த பிறகும் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 24 கிராம் வாயு மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கசிந்துவிட்டது, பூச்சி சாகவில்லை என்று அர்த்தம். அதாவது சரியாகச் செய்த ஃபியூமிகேஷனின் கடைசி நிமிடத்தில், பெட்டிக்குள் 24 கிராம் நிச்சயம் இருக்கிறது. அதைப் பி.பி.எம்.மாக மாற்றினால் ஏறத்தாழ 6,000. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் உயிருக்கே உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு 250. ஆறாயிரத்திலிருந்து ஐந்துக்கு, அதாவது 1,200 மடங்கு இறக்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் கதவு திறந்திருந்தது? விசிறி வைத்தார்களா? எந்தக் கருவியால் அளந்தார்கள், பெட்டியின் வாசலிலா, சரக்குக்கு நடுவிலா? மீட்டர் காட்டிய எண் என்ன? ஒன்றையும் தாள் கேட்கவில்லை. ஈரப்பதத்தை எண்ணாகக் கேட்ட அதே தாள், ஆளைக் கொல்லும் வாயுவின் கடைசி அளவை மட்டும் வட்டம் போடச் சொல்கிறது. அளவீடுகள் கம்பெனியின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்கலாம். ஆனால் கடல் தாண்டிப் பயணம் போவது பதிவேடு இல்லை, இந்தத் தாள்தான்.

எங்கள் தொழிலில் ஒரு நிரல் சரியாக ஓடியது என்பதற்கு 'வெற்றி' என்ற ஒரு சொல்லைப் பதிவு செய்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. நள்ளிரவில் கோளாறு வரும்போது அந்தச் சொல்லால் ஒரு பயனும் கிடையாது. எண் இருந்தால்தான் எங்கே தவறியது என்று பார்க்க முடியும். தவிர, 'ஆம்' போடுகிறவரே கேஸ் போட்டவர். அவருக்குக் கூலி கொடுப்பவர் பெட்டி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நிற்பவர். யாரையும் குற்றம் சொல்லவில்லை. தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் யாராக இருந்தாலும் வட்டம் போடுவது சுலபம், எண் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

மெத்தில் புரோமைடின் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். நிறமில்லை. சாதாரண அளவில் மணமும் இல்லை. அதனால்தான் சில கலவைகளில் கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினைக் கொஞ்சம் சேர்ப்பார்கள், ஆள் உஷாராகட்டும் என்று. கொதிநிலை 3.6 டிகிரி, ஆகவே நம் ஊரில் சிலிண்டரை விட்டு வெளியே வந்தவுடன் வாயுதான். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், தரையோடு தங்கும். நரம்பையும் நுரையீரலையும் தாக்கும். இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. சரக்கு இந்த வாயுவைக் குடித்துவைத்துக்கொள்ளும். அட்டைப்பெட்டி, ஃபோம், மரம் எல்லாம் 24 மணி நேரம் உறிஞ்சியதை மெதுவாக, நாள் கணக்கில் திருப்பி விடும். கதவைத் திறந்து மீட்டர் 4 என்று காட்டியது உண்மையாகவே இருக்கலாம். கதவை மூடி சீல் வைத்த பிறகு அந்த 4, நாலாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சான்றிதழில் இருப்பது ஒரு கணத்தின் படம்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை என்பதற்கு ஹாம்பர்க் போக வேண்டும். 2006ல் பத்து வாரங்கள், அந்தத் துறைமுகத்துக்கு வந்த 2,113 கன்டெய்னர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து உள்ளே இருந்த காற்றைச் சோதித்தார்கள். 2010ல் முடிவு வெளியானது. 70 சதவீதம் பெட்டிகளில் ஏதாவது ஒரு நச்சு வாயு, நீண்டகாலப் பாதிப்புக்கான எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது; 36 சதவீதத்தில் உடனடிப் பாதிப்புக்கான அளவையே தாண்டியிருந்தது. நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இதில் எல்லாம் பூச்சி மருந்து இல்லை. செருப்பு, மரச்சாமான் போன்ற சரக்குகளிலிருந்து கசியும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு ஆகியவையும் கணக்கில் உண்டு. இருந்தாலும் மூடிய பெட்டிக்குள் வாயு சேரும் என்ற அடிப்படை விஷயம் அங்கே எண்ணாகத் தெரிந்துவிட்டது. அதுவும் அளந்து பார்க்க நினைத்த ஊர் என்பதால் தெரிந்தது.

அந்த 5 பி.பி.எம். என்ற எல்லையும் கல்லில் செதுக்கியது இல்லை. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் அளவு 1 பி.பி.எம். தாளில் 'ஆம்' என்று இருக்கும் ஒரு பெட்டி, அந்தக் கணக்கில் நாலு மடங்கு அதிகமாக இருக்கலாம்.

இதுவரை நாம் அனுப்பும் பெட்டி. வாங்கும் பெட்டியும் உண்டு. பொன்னேரி நெடுஞ்சாலை, மணலி, மாதவரம் சுற்றி இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களில் இறக்குமதிப் பெட்டிகளைத் திறந்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள். ஒரு டீக்கடையில் மூன்று லோடுமேன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். "கதவைத் திறந்துட்டு கொஞ்ச நேரம் தள்ளி நிப்போம் சார், அனல் அடிக்கும்ல" என்றார் தமிழ் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்ட ஒருவர். வெக்கைக்காகத் தள்ளி நிற்கிறார்கள். வாயு என்ற விஷயம் பேச்சில் வரவே இல்லை, நான் கேட்ட பிறகும் அது 'தவா', மருந்து; மருந்தென்றால் பூச்சிக்கு. சென்னை வெயில் செய்யும் நல்ல காரியங்களில் இதையும் சேர்க்கலாம்.

வெளிநாட்டுக்காரன் கேட்கிறான், நாம் என்ன செய்வது என்று இதை முடித்துவிடவும் முடியாது. கேட்பவர்களில் நாமும் முக்கியமானவர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, இந்தியாவுக்குள் வரும் பல பண்டங்களுக்கு, மரத்தடி உட்பட, மெத்தில் புரோமைடு கொடுத்திருக்க வேண்டும். கனடாவோடு பட்டாணி, பருப்பு விஷயத்தில் இது பல வருஷம் இழுத்தது. அந்தக் குளிரில் இந்த வாயு சரியாக வேலை செய்யாது, நாங்கள் இதைக் கைவிட்டும் வருகிறோம் என்று அவர்கள் சொல்ல, நாம் தளர்வை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீட்டி நீட்டிக் கொடுத்தோம். நியூசிலாந்து பைன் மரத்தடிகளை இங்கே அனுப்ப அங்கே வாயு போட வேண்டியிருந்தது, அதை எதிர்த்து அவர்கள் ஊர் மக்கள் சண்டை போட்டார்கள். போட்ட வாயுவைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று 2010ல் அங்கே முடிவெடுத்துப் பத்து வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசமும் பிறகு நீண்டது.

ஏன் சண்டை? இங்கேதான் கதை வானத்துக்குப் போகிறது. மெத்தில் புரோமைடு ஓசோனைத் தின்னும். ஓர் அணு குளோரினைவிட ஓர் அணு புரோமின் சுமார் 60 மடங்கு கெடுதல் என்பார்கள். அதனால் 1992ல் கோபன்ஹேகனில் மான்ட்ரியல் உடன்பாட்டின் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். பணக்கார நாடுகள் 2005லும் நம்மைப் போன்ற நாடுகள் 2015லும் நிறுத்த வேண்டும் என்று தேதி குறித்தார்கள். வயலில் மண்ணுக்குப் போடுவது அநேகமாக நின்றேவிட்டது. ஆனால் ஒரு விலக்கு கொடுத்தார்கள்: எல்லைத் தடுப்புக்கும், ஏற்றுமதிக்கு 21 நாளுக்குள் செய்யும் சிகிச்சைக்கும் தடையில்லை. அந்த விலக்கின் வழியாக உலகம் வருஷத்துக்குச் சுமார் 10,000 டன் பயன்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010ல் இந்த விலக்கையும் தனக்கு வேண்டாம் என்று மூடிவிட்டது. அங்கே சரக்கு போவதும் வருவதும் நின்றுவிடவில்லை.

இப்போது மறுபடி அந்த வரியைப் படித்துப் பாருங்கள். 'காற்றோட்டமிடப்பட்டது: ஆம்.' வாயுவை மறுபடி பிடித்து வைக்கும் கருவி இல்லாத இடத்தில், காற்றோட்டம் என்பதற்கு அர்த்தம் மிச்சமிருந்த அத்தனையும் கும்மிடிப்பூண்டி வானத்துக்குப் போனது என்பதுதான். தாளில் ஆளின் உயிரைக் காப்பாற்றும் ஒரே வரி, ஓசோன் விஷயத்தில் குற்ற ஒப்புதல் வாக்குமூலம். நன்றாகத் திறந்துவிட்டால் வானத்துக்குக் கெடுதல், சரியாகத் திறக்காவிட்டால் லோடுமேனுக்குக் கெடுதல். இந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், காற்றோட்ட வரியை விட்டுவிட்டு மேலே இருந்த அளவுக் கட்டத்துக்குத் திரும்பிப் போனேன்.

48 கிராம். எதற்கு 48? ஒரு கன மீட்டருக்கு. எந்தக் கன மீட்டர்? பெட்டியின் கன மீட்டர். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33. பெருக்கினால் 1,584 கிராம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல். 40 அடி என்றால் இதில் இரண்டு மடங்கு. கும்மிடிப்பூண்டியின் ஒரு சராசரிச் சரக்கை எடுத்துக்கொள்வோம்: இரும்பு வார்ப்படம், கனம் காரணமாகத் தரையோடு பத்துப் பேலட், மேலே பாதிப் பெட்டி காலி. பேலட் ஒன்றில் இருக்கும் மரம் தாராளமாக வைத்தாலும் 0.05 கன மீட்டர். பத்துக்கும் சேர்த்து அரை கன மீட்டர். இரும்பில் பூச்சி இல்லை, காற்றில் பூச்சி இல்லை. அரை கன மீட்டர் கட்டைக்காக 33 கன மீட்டரையும் நிரப்புகிறோம்.

அதே பத்துப் பேலட்டை, சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஷீட் போட்டு மூடினால் 3 கன மீட்டருக்குள் அடங்கும். 144 கிராம் போதும், பதினொன்றில் ஒரு பங்கு. சூட்டறையில் வைத்து 56 டிகிரி காட்டினால் வாயுவே வேண்டாம். பேலட் செய்கிற இடத்திலேயே சூட்டறை வைத்து எச்.டி. முத்திரை குத்துகிறவர்கள் சென்னையைச் சுற்றியே இருக்கிறார்கள். ஒட்டுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டருக்கு மெல்லிய மரத்துக்கும் இந்த விதி கிடையவே கிடையாது. (கத்திரி வெயிலில் நம் ரோட்டோரக் கன்டெய்னரே ஒரு சூட்டறைதானே என்று நண்பர் கேட்டார். கட்டையின் நடுவில் அரை மணி நேரம் 56 நின்றதற்கு அளவுகோல் காட்டினால் யோசிக்கலாம்.)

அப்புறம் ஏன் நிரம்பிய பெட்டிக்கு வாயு போடுகிறார்கள்? நண்பரின் பதில் ஒரு வரி: "சார், பேங்க்ல பேப்பர் கேக்குறான்." வாங்குபவர் திறக்கும் கடன் உறுதிக் கடிதத்தில் தேவையான ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஃபியூமிகேஷன் சான்றிதழ் என்று ஒரு வரி இருந்துவிட்டால், பேலட்டில் எச்.டி. முத்திரை பளிச்சென்று இருந்தாலும் பயனில்லை. அந்தப் பெயரில் ஒரு தாள் இல்லாவிட்டால் பணம் வராது. அந்தப் பட்டியல் பழைய ஆர்டரிலிருந்து நகலெடுத்து ஒட்டியதாக இருக்கும். பிளாஸ்டிக் பேலட்டில் போகும் சரக்குக்கும் இந்தத் தாளைக் கேட்டு, "மரமே இல்லை" என்று எழுதிக் கொடுத்து வாதாடிய கதையும் அவரிடம் இருக்கிறது. வாங்குபவரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு அந்த வரியை மாற்றச் சொல்லலாம். மாற்ற இரண்டு நாள் ஆகும், வங்கிக்குத் திருத்தக் கட்டணம் வேறு. கேஸ் போட ஒரு நாள். எது நடக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

தானியத்தின் கதை வேறு, அதை இதோடு குழப்பக் கூடாது. செங்குன்றம் பக்கமிருந்து போகும் அரிசிக்கு வாயு வேண்டும்தான், அங்கே பூச்சி இருப்பது சரக்கிலேயே. பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான் போடுவார்கள். 3 கிராம் மாத்திரை 1 கிராம் பாஸ்பீன் விடும். ஓசோனுக்குப் பாதகமில்லை, ஆனால் நாள் கணக்கில் மூடி வைக்க வேண்டும், ஆளுக்கும் ஆபத்துதான். கப்ரா வண்டு என்று ஒன்று, பெயரிலேயே நம் நாட்டு வாசனை இருக்கிறது. அதன் புழு சாப்பாடில்லாமலேயே வருஷக்கணக்கில் பெட்டியின் இடுக்கில் தூங்கும். அதற்குப் பயந்துதான் ஆஸ்திரேலியா 2020க்குப் பிறகு நம்மைப் போன்ற நாடுகளின் பெட்டிகளைக் கூடுதலாக முறைக்கிறது. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அரிசி விஷயத்தில் எனக்கு வழக்கு இல்லை. இரும்பு விஷயத்தில் இருக்கிறது.

ஆகவே படிவத்தில் நான் கேட்பது பெரிய திருத்தம் இல்லை. அளவுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள்: மொத்தம் எத்தனை கிராம் வாயு, உள்ளே இருந்த மரம் எத்தனை கன மீட்டர். இந்த இரண்டையும் அருகருகே எழுத வைத்தால், 1,584ஐயும் 0.5ஐயும் தினமும் தன் கையால் எழுதுகிறவருக்கே கேள்வி வரும். வராவிட்டால், ஆயிரம் தாள்களைக் கூட்டிப் பார்க்கிற அதிகாரிக்கு வரும். 'ஆம் / இல்லை'க்குப் பதிலாக மீட்டர் காட்டிய எண், கதவைத் திறந்த நேரம், மூடிய நேரம். முடிந்தால், மூடிச் சில மணி நேரம் கழித்து இன்னொரு அளவு. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அளந்திருந்தால் எண் ஏற்கெனவே யாரோ ஒருவரின் நோட்டில் இருக்கிறது.

கதவைத் திறக்கிறவருக்கு இந்தத் தாள் போய்ச் சேர்வதில்லை. அவருக்காக இருப்பது கதவில் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டு. வெள்ளையில் கறுப்பு, மண்டையோடு, குறைந்தது 400க்கு 300 மில்லிமீட்டர். வாயுவின் பெயர், போட்ட தேதி, காற்றோட்டமிட்ட தேதி, உள்ளே நுழையாதே என்று ஆங்கிலத்தில். காற்றோட்டமும் முடிந்து சரக்கும் இறங்கிய பிறகு அதைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. ஜி.என்.டி. ரோட்டோரம் நிற்கும் காலிப் பெட்டிகளில் பழைய சீட்டு பாதி கிழிந்து அப்படியே இருப்பதை நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். ஓயாமல் அடிக்கிற அலாரத்தை யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள், அது எங்கள் தொழிலில் தினசரி அனுபவம். ஒரு பெட்டியின் நிழலில் டிரைவரும் கிளீனரும் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே மண்டையோடு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. போட்ட தேதி படிக்கிற மாதிரி இருந்தது. காற்றோட்டமிட்ட தேதிக்கான கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.